சொல்லாத பதிலுக்கு மார்க் கிடையாது

விவாதப் போட்டிக்கு நடுவராகப் போவது என்பது, காலையில் நாற்பது பிள்ளைகளிடம் வணக்கம் வாங்கி, சாயங்காலத்துக்குள் அதில் சரிபாதிப் பேரின் முறைப்பையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிற வேலை.

நான் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவள். வாயில்லாத ஜீவன்களைப் பற்றிப் பாடம் எடுப்பவளுக்கு, வாயை வைத்துப் பிழைக்கப் போகிறவர்களுக்கு மார்க் போடும் வேலை எப்படி வந்தது என்று கேட்பீர்கள். துறைக் கூட்டம் ஒன்றில் எங்கள் முதல்வரோடு முக்கால் மணி நேரம் விடாமல் வாதாடினேன். அடுத்த வாரமே ஒரு பள்ளியிலிருந்து நடுவர் வேண்டும் என்று கடிதம் வந்தது. முதல்வர் சந்தோஷமாக என் பெயரை எழுதி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து திருச்சியில் எந்தப் பள்ளியில் போட்டி நடந்தாலும் வாசலில் என் ஸ்கூட்டர் நிற்கும். என்னைப் போலவே சனிக்கிழமைகளைத் தாரைவார்த்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் இதைப் படித்தால், நான் சொல்லாமலே புரியும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

பட்டிமன்றம் இல்லை

முதல் தொல்லை இதுதான். "விவாதப் போட்டி" என்றதும் நம் ஊரில் எல்லோரும் பட்டிமன்றத்தை நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே சோபாவும் கிடையாது, பொன்னாடையும் கிடையாது. ஒரு வகுப்பறை, நாலு பிள்ளைகள், ஒரு நடுவர். அணிக்கு இரண்டு பேர். ஆளுக்கு ஐந்து நிமிஷம். எந்தப் பக்கம் பேசுவது என்பதை அவர்கள் தீர்மானிக்க முடியாது. காசைச் சுண்டிப் போட்டு, பூவா தலையா பார்த்து, முன்மொழிபவர் யார், எதிர்ப்பவர் யார் என்று அங்கேயே முடிவாகும். மனசுக்குப் பிடிக்காத பக்கம் வந்தாலும் பேசித்தான் ஆக வேண்டும்.

ஒரு போட்டியில் ஒரு பையனின் அம்மா, கையில் டிபன் கூடையோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நாலு பேச்சையும் கேட்டார். நான் எழுந்து, யார் ஜெயித்தார்கள், ஏன் என்று மூன்று நிமிஷத்தில் சொல்லி முடித்தேன். வெளியே வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார். மகன் தோற்றதைப் பற்றி அவருக்கு ஒரு குறையும் இல்லை.

"எல்லாம் சரிங்க மேடம், தீர்ப்பு சொல்றப்ப கொஞ்சம் சிரிக்க வெச்சிருக்கலாம், இவ்வளவு தூரம் வந்ததுக்கு."

விடுபட்டது

நடுவர் மடியில் ஒரு பெரிய தாள் இருக்கும். ஒரு அணி சொல்கிற வாதத்தை ஒரு பக்கம் எழுதி, அடுத்த அணி அதற்குச் சொல்கிற பதிலை எதிரே எழுதி, நடுவில் அம்பு போட வேண்டும். பதில் வராத வாதம் அம்பில்லாமல் தனியே நிற்கும். அதற்கு "விடுபட்டது" என்று பெயர். விடுபட்ட வாதத்தை எதிரணி ஒப்புக்கொண்டதாகத்தான் அர்த்தம். அது எவ்வளவு சொத்தை வாதமாக இருந்தாலும், அதற்கு நடுவருக்குப் பத்துப் பதில் தெரிந்திருந்தாலும், வாயைத் திறக்கக் கூடாது.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு பதினொன்றாம் வகுப்புப் பெண். பெயர் நஸ்ரின். காட்டூர்ப் பக்கம் ஒரு பள்ளி, வீடு பாலக்கரை, அத்தா குவைத்தில். அவளுடைய வாதம் ஒன்றுக்கு எதிரணி பதிலே சொல்லவில்லை. ஆனால் எனக்கு அந்த வாதம் பிடிக்கவில்லை. அதில் என்ன ஓட்டை என்று நானே தீர்ப்பில் விளக்கி, எதிரணியை ஜெயிக்க வைத்துவிட்டேன். எனக்கு அன்றைக்கு நிரம்பத் திருப்தி. எல்லோரும் போன பிறகு அவள் மட்டும் நின்றாள். கோபமே இல்லை அந்தக் குரலில். எனக்குத்தான் காது மடல் சூடாகிவிட்டது.

"அந்தப் பதில் ரொம்ப நல்லா இருந்துச்சு மேடம், ஆனா அதை அவங்க சொல்லலையே, நீங்கதானே சொன்னீங்க?"

கால் மணி நேரம்

தலைப்பைக் கொடுத்ததும் தயார் செய்யக் கால் மணி நேரம் உண்டு. செல்போன் கிடையாது, ஆசிரியர் பக்கத்தில் வரக் கூடாது. பெரும்பாலான பிள்ளைகள் முதல் பத்து நிமிஷத்தை "நீ சொல்லு", "இல்ல நீ சொல்லு" என்பதிலேயே கழித்துவிடுவார்கள். நஸ்ரினும் அவளுடைய ஜோடி கோதையும் வேறு மாதிரி. கோதை ஸ்ரீரங்கத்துப் பெண். காட்டூர் பள்ளிக்கு இரண்டு பஸ் மாறி வருகிறவள். தலைப்பு வந்ததும் இரண்டு பேரும் வேறு வேறு மூலைக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுதுவார்கள். சண்டை போலிருக்கிறது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். பிறகுதான் விஷயம் தெரிந்தது. முதல் ஐந்து நிமிஷம் அவர்கள் தங்கள் பக்கத்தை யோசிப்பதே இல்லை. எதிரணி என்ன சொல்லும் என்பதைத் தனித்தனியாக எழுதி, தாளை மாற்றிப் படித்து, அதன் பிறகுதான் தங்கள் வாதத்துக்கே வருவார்கள். மேடையில் ஏறியதும் கோதை எதிரணியின் கட்சியை அவர்களைவிட அழகாகச் சொல்வாள். அதற்குள் எதிரணிக்காரர்களே தலையாட்ட ஆரம்பித்திருப்பார்கள். அப்புறம் ஒவ்வொரு செங்கல்லாக உருவுவாள். நாற்பத்தைந்து வயதில் எனக்கு வராத பொறுமை பதினாறு வயதில் எங்கிருந்து வந்தது என்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருக்கிறேன்.

ஒருமுறை கோதையின் அப்பா வந்திருந்தார். கோயிலில் பாராயண கோஷ்டியில் இருப்பவர். நெற்றி நிறையத் திருமண், தோளில் அங்கவஸ்திரம். எங்கள் பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார முடியாமல் தவித்தார். மகள் பேசி முடித்ததும் கைகளைக் குவித்தபடியே என்னிடம் வந்தார். எனக்கு அவர் பெண்ணைப் புகழ வேண்டும் போலிருந்தது. ஆனால் அவர் என்னை முந்திக்கொண்டார்.

"அடியேனுக்கு இந்தப் போட்டி, மார்க்கெல்லாம் தெரியாது, ஆனா பூர்வபக்ஷத்தை, அதான் எதிராளி கட்சியை, குறைவில்லாம சாதிச்சுட்டுத்தானே நம்ம சித்தாந்தத்துக்கு வரணும், அதை இந்தக் குழந்தை தானாவே பண்றதே!"

விசில்

நேரம் பார்ப்பவர் ஒரு நிமிஷம் முடிந்ததும் மேஜையைத் தட்ட வேண்டும். முடிவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் மறுபடி தட்ட வேண்டும். ஒரு பள்ளியில் இந்தப் பொறுப்பை விளையாட்டு ஆசிரியரிடம் கொடுத்துவிட்டார்கள். அவர் விசில் ஊதினார். அறைக்குள் பேசிக்கொண்டிருந்த பிள்ளை விறைத்து நின்றது மட்டுமில்லை, வெளியே மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு வகுப்பே நின்றுவிட்டது. மெதுவாகத் தட்டினால் போதும் சார் என்று கெஞ்சிப் பார்த்தேன். அவருக்கு அது ஒத்துவரவில்லை.

"தட்டினா இந்தப் பசங்க நிக்கவா போறாங்க மேடம், இவங்கல்லாம் ஊதினாத்தான் நிப்பாங்க."

தலையில் கை

ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது எதிரணியில் ஒருவர் எழுந்து, ஒரு கையைத் தலையில் வைத்து, இன்னொரு கையை முன்னால் நீட்டி நிற்கலாம். "குறுக்கே ஒரு கேள்வி கேட்கட்டுமா?" என்று அர்த்தம். பேசுகிறவர் மனசு வைத்தால் கேட்கலாம். இல்லையென்றால் அப்படியே உட்கார வேண்டியதுதான். ஏன் தலையில் கை என்று என்னைக் கேட்காதீர்கள். ஏதோ ஊரில் பழைய காலத்தில் ஒட்டு முடி விழாமல் இருக்கப் பிடித்துக்கொண்டார்களாம். நம் பிள்ளைகள் ரெட்டைச் சடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

பள்ளிச் சீருடையை ஒழிக்க வேண்டும் என்று தலைப்பு. எதிரணிப் பையன் நன்றாகவே பேசினான். சீருடை போட்டுவிட்டால் யார் பணக்காரர், யார் ஏழை என்று தெரியாது. வகுப்பில் எல்லோரும் ஒன்று. கைதட்டல் கிடைத்தது. நஸ்ரின் எழுந்து தலையில் கை வைத்தாள். அவனும் பெருந்தன்மையாக, "கேளுங்க" என்றான்.

அவள் கேட்டது ஒரே வார்த்தை. "செருப்பு?"

அறையில் இருந்த அத்தனை பேரும் குனிந்து தங்கள் காலைப் பார்த்துக்கொண்டோம். நானும்தான். புது ஷூ, அண்ணன் போட்டுக் கழித்த ஷூ, வார் அறுந்து ஊக்கு குத்திய செருப்பு, எல்லாம் பெஞ்சுக்கு அடியில் வரிசையாகத் தெரிந்தன. எட்டு மாடி கட்டிவிட்டு அஸ்திவாரம் போட மறந்தவன் மாதிரி அந்தப் பையன் தன் தாளைப் புரட்டினான். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"இதுக்கு என்கிட்ட பதில் இல்லைங்க மேடம், உக்காந்துக்கட்டுமா?"

பிரேக்

நாலு சுற்று முடிந்ததும், அதிகம் ஜெயித்த எட்டு அணிகளின் பட்டியலை ஒட்டுவார்கள். அவர்கள்தான் காலிறுதிக்குப் போவார்கள். அந்தப் பட்டியலில் பெயர் வருவதற்குத்தான் "பிரேக்" என்று பேர். பட்டியல் ஒட்டும் நேரத்தில் நோட்டீஸ் பலகைக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள், கால் மிதிபடும்.

இவ்வளவு கெட்டிக்காரிகள், நஸ்ரினும் கோதையும், ஒருமுறைகூட பிரேக் ஆனதில்லை. அதுவரை கலந்துகொண்ட மூன்று போட்டிகளிலும் ஒன்பதாம் இடம். ஒருமுறை அரை மார்க்கில் போனது. நான் போய்த் தேற்றலாம் என்று பார்த்தால், நஸ்ரின் பட்டியலை மேலிருந்து கீழ் வரை ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டிருந்தாள். கோதை என் கையிலிருந்த பிஸ்கட்டை வாங்கிக் கடித்தாள்.

"ஒம்போதாவது எடத்துக்குன்னு ஒரு கப் வெச்சிருந்தா, இந்நேரம் எங்க வீட்ல வைக்க எடம் இருந்திருக்காது மேடம்."

மௌனச் சுற்று

அவர்கள் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்த வருஷம், பொதுத்தேர்வுக்கு முன்னால் நடந்த கடைசிப் போட்டி ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளியில். அதன் பிறகு ஆளுக்கொரு கல்லூரி. சேர்ந்து பேச இன்னொரு மேடை கிடையாது. அன்றைக்கு அவர்களோடு ஒரு மூன்றாவது பெண்ணும் வந்திருந்தாள். நஸ்ரினுடைய மாமா பெண் ஆயிஷா. அவள் போட்டியில் இல்லை. மூன்று பேருக்கும் சேர்த்துச் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு அறையிலும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கண் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நாலாவது சுற்று மௌனச் சுற்று. நடுவர் யார் ஜெயித்தார்கள் என்று வாயால் சொல்லக் கூடாது. சீட்டில் எழுதி உள்ளே கொடுத்துவிட வேண்டும். எந்த அணி அதுவரை எத்தனை ஜெயித்திருக்கிறது என்றும் நடுவருக்குச் சொல்ல மாட்டார்கள். அன்று எனக்குத் தெரியாததை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். காட்டூர்ப் பெண்கள் மூன்றில் இரண்டு ஜெயித்திருந்தார்கள். அவர்களுக்கு எதிரே வந்த மணப்பாறைப் பையன்கள் முருகேசனும் அருளும் அதே மாதிரி மூன்றில் இரண்டு. இந்தச் சுற்றில் ஜெயிப்பவர்கள் காலிறுதிக்கு, தோற்பவர்கள் வீட்டுக்கு.

தலைப்பு: முதல் மார்க் எடுத்தவர்களின் படங்களைப் பள்ளிகள் விளம்பர போர்டாக வைப்பதைத் தடை செய்ய வேண்டும். காட்டூர்ப் பெண்களுக்கு முன்மொழியும் பக்கம், அதாவது தடை வேண்டும் என்ற பக்கம், வந்தது. கோதை வழக்கம்போல் ஜமாய்த்தாள். அடுத்து முருகேசன் வந்தான். பதினொன்றாம் வகுப்புதான், ஒல்லிக்குச்சி. முதல் இரண்டு வாதமும் சுமார். மூன்றாவதைச் சொல்லும்போது குரலே மாறிவிட்டது. அவனுடைய அக்காவைப் பத்தாவதோடு நிறுத்திவிட வீட்டில் முடிவு செய்திருந்தார்களாம். மெயின் ரோட்டில் அக்காவின் படம் போர்டில் வந்தது. ஊரெல்லாம் விசாரித்தது. அப்புறம் நிறுத்த அப்பாவுக்கு வாய் வரவில்லை. இன்றைக்கு அக்கா காலேஜில். போர்டை எடுத்துவிட்டால் அந்த மாதிரிப் பெண்களுக்கு வேறு என்ன துணை இருக்கிறது என்று கேட்டான்.

இதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் நஸ்ரின். எழுந்தாள். முதல் வாதத்தை உடைத்தாள், இரண்டாவதை உடைத்தாள். மூன்றாவதற்கு வந்ததும் நிமிர்ந்து எதிரே பார்த்தாள். ஒரு கணம் நின்றாள். தாளைத் திருப்பினாள். வேறு எதற்கோ போய்விட்டாள். பேனாவைப் பிடித்தபடி நான் காத்திருந்தேன். அம்பு போட ஒன்றும் வரவில்லை. கடைசியாக வந்த அருள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"எங்க மூணாவது வாதத்தை அவங்க தொடவே இல்லைங்க மேடம், அதனால அதை ஒத்துக்கிட்டாங்கன்னு எடுத்துக்கறோம்."

பட்டியல்

என் தாளில் எழுதினேன்: எதிரணி வெற்றி. வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் சந்தேகமில்லை. வாசலில் சீட்டு வாங்க ஆள் நின்று, "மேடம், சீக்கிரம்" என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். சீட்டில் மார்க்கை நிரப்பி நீட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

பட்டியல் ஒட்டினார்கள். ஏழாவது பெயர், காட்டூர். கோதை போட்ட கூச்சலில் வேப்பமரத்துக் காக்கைகள் கிளம்பிவிட்டன. ஆயிஷா பையைக் கீழே போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். என்னிடம் தோற்றும் உள்ளே போய்விட்டார்கள் என்றால் மற்ற மூன்று சுற்றிலும் ஜெயித்திருக்கிறார்கள் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டேன். டீ இனித்தது.

நஸ்ரின் மட்டும் கையில் தன் குறிப்புத் தாளோடு என்னிடம் வந்தாள். "மேடம், நாலாவது ரவுண்ட்ல நாங்க எப்படி ஜெயிச்சோம்?"

"ஜெயிக்கலையேம்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். சட்டென்று உறைத்தது, என் சுற்றிலும் ஜெயித்ததாகக் கணக்கானதால்தான் பட்டியலில் வந்திருக்கிறார்கள். அவள் கையிலிருந்த தாளில், முருகேசனின் மூன்றாவது வாதத்துக்கு எதிரே அவள் தானாகவே சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தாள். நான் டேப் ரூமுக்கு, அதாவது எல்லாச் சீட்டையும் சேர்த்துக் கூட்டுகிற அறைக்கு, ஓடினேன். என் சீட்டை எடுத்துப் பார்த்தேன். சீட்டில் இடது பக்கம் மணப்பாறை என்றும் வலது பக்கம் காட்டூர் என்றும் அச்சடித்திருந்தது. காசு சுண்டிய பிறகு எந்த அணி எந்தப் பக்கம் என்று பெயருக்கு நேரே எழுத வேண்டும். நான் எழுதவில்லை. எட்டு வருஷப் பழக்கத்தில் இடது கட்டம் முன்மொழிபவருக்கு, வலது கட்டம் எதிரணிக்கு என்று மார்க்கை நிரப்பிவிட்டேன். அன்றைக்கு முன்மொழிந்ததோ வலது பக்கத்துக் காட்டூர்; ஜெயித்தவர்களின் மார்க் தோற்றவர்கள் தலையில் விழுந்திருந்தது. என் கையெழுத்து அழகாகக் கீழே இருந்தது.

இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு கணம் மனசு தடுமாறியது. அந்தப் பெண்ணிடம், "மற்ற வாதங்கள் உங்களுக்குச் சாதகமாக இருந்தன" என்று ஒரு வரி சொன்னால் முடிந்தது. யாருக்கும் தெரியாது. அவர்கள் இரண்டு வருஷம் காத்திருந்த பட்டியல் அது. நான் திரும்பி வந்தபோது அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். என் முகத்தைப் பார்த்ததும் பதில் அவளுக்குக் கிடைத்துவிட்டது.

"பரவாயில்ல மேடம், தோத்தது எனக்கு அப்பவே தெரியும், நீங்க வேணும்னு பண்ணியிருப்பீங்களோன்னுதான் பயந்தேன்."

கையெழுத்து

பட்டியல் ஒட்டிய அரை மணி நேரத்துக்குள் திருத்தலாம் என்று விதி இருந்தது. ஆனால் நடுவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. இரண்டு அணியிலும் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மறுத்தாலும் ஒட்டிய பட்டியல்தான் செல்லும்.

அதாவது கோதை போட வேண்டும். அவளிடம் நஸ்ரின்தான் சொன்னாள். நான் கோழை மாதிரி பின்னால் நின்றேன். கோதையின் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. "உனக்கு என்னடி பைத்தியமா?" என்று அடித்தொண்டையில் கேட்டாள். "யாருக்குமே தெரியாதுடி. மேடமுக்கே தெரியலை. அவங்க லெவன்த், அவங்களுக்கு அடுத்த வருஷம் இருக்கு. நமக்கு இன்னொண்ணு இருக்கா, சொல்லு?" நஸ்ரின் வாதாடவே இல்லை.

கோதை விறுவிறுவென்று மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். பாதி வழியில் நின்று முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அரை மணியில் ஒன்பது நிமிஷம் பாக்கி. திரும்பி வந்தவள் நஸ்ரினைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துத்தான் கையை நீட்டினாள். "பேனா குடுங்க மேடம்." முதல் கையெழுத்தே அவளுடையதுதான். பேனா தாளைக் கிழித்துவிடும் போல அழுத்தி எழுதினாள்.

பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்ட மணப்பாறைப் பையன்களை நானே ஓடிப்போய்க் கூட்டி வந்தேன். முருகேசனுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் அவன் குதிக்கவில்லை, கொண்டாடவில்லை. "நிஜமாவாக்கா?" என்று நஸ்ரினிடம் இரண்டு தரம் கேட்டான். அப்புறம் ஏதோ கோயிலுக்குள் நுழைகிற மாதிரி, செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கையெழுத்துப் போட்டான். ஏன் கழற்றினான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. இத்தனை நாள் நான் இவர்களுக்கு ஐம்பதுக்கு முப்பத்தெட்டு, நாற்பது என்று மார்க் போட்டுக்கொண்டிருந்தேனே என்று நினைத்துக்கொண்டேன்.

டேப் ரூம் பொறுப்பாளர் சட்டதிட்டத்துக்குக் கட்டுப்பட்ட மனிதர். விண்ணப்பத்தாளை முன்னும் பின்னும் புரட்டினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆட்சேபிக்கிற அணின்னு இங்க ஒரு கட்டம் இருக்கு, தோத்தவங்க பேரைத்தான் எழுதுவோம்; ஜெயிச்சவங்களே ஆட்சேபிச்சா எங்க மேடம் எழுதறது?"

மூன்றாவது வாதம்

நாலு மணிக்கு அவர்கள் மூன்று பேரும் பள்ளி வாசலில் பஸ்ஸுக்கு நின்றார்கள். முருகேசனும் அருளும் காலிறுதி பேசுவதைக் கேட்டு, கைதட்டிவிட்டுத்தான் வந்திருந்தார்கள். நான் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டுப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். எனக்குச் சுலபமாக வராத காரியம் அது. என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார். நஸ்ரின் தலையை மட்டும் ஆட்டினாள்.

மனசு ஆறவில்லை. "எல்லாம் சரி, அந்த மூணாவதுக்கு ஒரு பதில்கூடவா உனக்குத் தோணலை?" என்று கேட்டுவிட்டேன். என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனாள். ஆயிஷா கோதையோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"தோணுச்சு மேடம். பத்தாவதுல என் படமும் போர்டுல வந்துச்சு, தஞ்சாவூர் ரோட்டுல. அதனாலதான் என்னைப் பிளஸ் டூ படிக்க வெச்சாங்க. ஆயிஷா என் கிளாஸ்தான். நாலு மார்க் கம்மி, அவ படம் வரலை. அவளை நிறுத்திட்டாங்க. இன்னிக்கு அனுப்பினதே நான் அவ அம்மா காலைப் பிடிச்சதாலதான். பதில் எனக்கு அவதான். எதிர்ல உக்காந்திருக்கா. அத்தனை பேர் முன்னாடி அவளைக் காட்டி நான் எப்படி மேடம் ஜெயிக்கறது?"

அவள் பதில் தெரிந்தே தோற்றிருக்கிறாள். தோற்றதை யாரும் கவனிக்காதபோது தானே வந்து சொல்லியிருக்கிறாள். காரணத்தைக் கடைசி வரை கோதையிடம்கூட வாய்விடவில்லை. பதினேழு வயது.

நாங்கள் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பியபோது ஆயிஷா பக்கத்தில் வந்து நின்றாள். அன்று முழுக்க அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. சாப்பாட்டுப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"மேடம், அந்தத் தம்பியோட மூணாவது பாயிண்டுக்கு ஒரு பதில் இருக்கு. இவ ஏன் விட்டான்னு தெரியலை. நான் சொல்லட்டுமா?"

நஸ்ரின் அவள் கையைப் பிடித்தாள். ஆயிஷா விடுவித்துக்கொண்டாள். எங்கேயும் மேடை ஏறாத பெண். ரோட்டோரத்தில், ஆட்டோ சத்தத்துக்கு நடுவே, யாரும் சொல்லிக்கொடுக்காமல், எதிரணியின் கட்சியை முதலில் குறைவில்லாமல் எடுத்து வைத்தாள். போர்டில் படம் வந்ததால் அந்தத் தம்பியின் அக்கா தப்பித்தாள், நஸ்ரின் தப்பித்தாள், அது நிஜம்தான் என்றாள். அப்புறம் கேட்டாள்: "படம் வந்தவளை நிறுத்த முடியலைன்னா, படம் வராதவளை நிறுத்தறதுக்கு அதே போர்டுதானே மேடம் காரணம் குடுக்குது? எங்க வீட்ல வேற காரணமே சொல்லலை. 'போர்டைப் பாத்தியா'ன்னுதான் கேட்டாங்க. ஒருத்தியைக் காப்பாத்தினதைச் சொல்றாங்க. அது நிறுத்தினவங்களை யாரு எண்ணினா?"

கோதை வாயில் கை வைத்துக்கொண்டாள். நஸ்ரின் அழுதுவிட்டாள். அன்றைக்குப் பட்டியலிலிருந்து பெயரை அடித்தபோது அழாதவள். இத்தனை வருஷத்தில் நான் கேட்ட மிகச் சிறந்த மறுப்புரை அது. கேட்டது நாங்கள் மூன்று பேரும் ஒரு பூக்காரம்மாவும்தான். பஸ் வந்துவிட்டது. ஏறுகிற அவசரத்திலும் ஆயிஷா படியில் நின்று திரும்பிக் கேட்டாள்.

"இதுக்கு எத்தனை மார்க் போடுவீங்க மேடம்?"

இத்தனைக்கும் பிறகு மேடைகளில் என்னை "அனுபவம் மிக்க நடுவர்" என்றுதான் அறிமுகப்படுத்துகிறார்கள். மறுத்தால் முழுக் கதையையும் சொல்ல வேண்டிவருமே என்று நானும் ஒரு வணக்கம் போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.